தமிழில் இருந்தால் போதுமா? பிள்ளைகளுக்கான நுண்மதிச் சோதனை பற்றி

கேள்வி: 2024 பெப்ரவரி 18

நான் அக்கரைப்பற்றுப் பக்கம் தரம் 3 படிப்பிக்கிறேன். வகுப்பில் இரண்டு பிள்ளைகளுக்கு எழுத்து ஏறவே இல்லை. விசேட கல்வி அலகுக்கு அனுப்புவதா, வகுப்பிலேயே வைத்துப் பார்ப்பதா என்று முடிவெடுக்க முடியவில்லை. தமிழ்நாட்டில் படித்த உறவினர் ஒருவர் அங்கே பாவிக்கும் நுண்மதிச் (ஐ.கியூ.) சோதனை ஒன்றைக் கொண்டுவந்து தந்திருக்கிறார். முழுக்கத் தமிழில் இருக்கிறது. இதை அப்படியே செய்து பார்க்கலாம்தானே? அவர்களுக்கும் தமிழ், நமக்கும் தமிழ். இந்த வேலை தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

2024 பெப்ரவரி 18, இரவு

செய்ய வேண்டாம் சேர். ஆசைக்குச் செய்து பார்த்தாலும், வருகிற எண்ணைப் பிள்ளையின் கோப்பில் எழுத வேண்டாம்.

மட்டக்களப்பில் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சோதனைகளைத் தழுவி அமைக்கும் வேலையோடு பல வருடம் கிடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சோதனையில் பிள்ளை எடுக்கும் புள்ளி தனியாக ஒன்றும் சொல்லாது. அதை ஒரு அட்டவணையில் வைத்து, அதே வயதுப் பிள்ளைகள் நடுவே இவன் எங்கே நிற்கிறான் என்று பார்க்கிறோம். அந்த அட்டவணைக்குப் பெயர் நியமம். சராசரி 100, நியம விலகல் (புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்ற அளவு) 15 என்று அமைத்திருப்பார்கள். 70க்குக் கீழே போனால் கவலைப்படுவோம். 1000 பிள்ளைகளில் ஏறக்குறைய 23 பேர் அங்கே விழுவார்கள்.

இப்போது ஒரு பேச்சுக்கு, நம் பக்கத்துப் பிள்ளைகள் அந்த அட்டவணையில் சராசரியாக 90தான் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூளையில் குறை இல்லை; கேள்விகள் வேறு ஊருடையவை, அவ்வளவுதான். அப்போது 70க்குக் கீழே விழுவது 23 பேர் அல்ல, 90 பேருக்கு மேல். நான்கு மடங்கு. ஒன்றும் இல்லாத அத்தனை பிள்ளைகளுக்கும் நாம் ஒரு பெயரை ஒட்டி அனுப்புகிறோம்.

உங்கள் இரண்டு பிள்ளைகளும் அந்த 90இல் இருக்கலாம் சேர்.

2024 பெப்ரவரி 19

"தமிழ்தானே" என்ற வார்த்தையை இரவு முழுக்க யோசித்தேன். அதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடம். இரண்டாம் வகுப்புப் பையன். என்னோடு வந்தவர் நல்ல எழுத்துத் தமிழில், "தாளில் கிறுக்காமல் செய்ய வேண்டும், சரியா?" என்றார். பையன் தலையாட்டினான். முதல் பக்கத்தை அழகாக முடித்தான். பிறகு கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டான். நேரம் போகிறது. "ஏன் தம்பி செய்யவில்லை?" என்றால் பேச்சு இல்லை. நான்தான் கடைசியில் பக்கத்தில் குந்தி, "என்ன மனே?" என்று கேட்டேன். "கிறுக்க வேணாம் எண்டு சொன்னாரு" என்றான்.

நம்மூரில் கிறுகு என்றால் திரும்பு. கிறுக்கு என்றால் திருப்பு. பையன் சொன்ன சொல்லுக்கு மரியாதை கொடுத்து, பக்கத்தைத் திருப்பாமல் இருந்திருக்கிறான். நாங்கள் நிறுத்திப் பார்க்காமல் விட்டிருந்தால் இரண்டாம் பக்கத்துக்கு முழுப் பூச்சியம் விழுந்திருக்கும்.

அந்தத் தாளை நாங்கள் முறைப்படிதான் மொழிபெயர்த்தோம். ஒருவர் தமிழாக்கினார். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கினார். இரண்டும் அச்சொட்டாகப் பொருந்தின, சந்தோசப்பட்டோம். ஆனால் திரும்ப ஆங்கிலமாக்கியவர் பட்டதாரி. படுவான்கரைப் பிள்ளைக்கு என்ன விளங்கும் என்பதை அவருடைய ஆங்கிலம் எப்படிக் காட்டும்? மீள்மொழிபெயர்ப்பு தேவைதான். அதோடு நின்றுவிட்டால் பெரியவர்களுக்கு விளங்குகிறது என்பது மட்டும்தான் உறுதியாகும். பிறகு பத்துப் பிள்ளைகளிடம் போய், "இதில் என்ன செய்யச் சொல்லி இருக்கு?" என்று கேட்டு, அவர்கள் வாயால் திரும்பச் சொல்ல வைக்க வேண்டும்.

உங்கள் பக்கத்துக்கு இன்னொன்று. இந்தியத் தாளில் காகத்தைக் காக்கா என்று எழுதியிருந்தால், முஸ்லிம் பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். அவர்களுக்குக் காக்கா என்றால் வீட்டில் இருக்கும் மூத்த அண்ணன். அதில் பிழை இல்லை, ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பிறகு பிள்ளையைத் திரும்பக் கேள்விக்குள் கொண்டுவர எனக்கு ஐந்து நிமிடம் போனது.

2024 பெப்ரவரி 25

மொழியே இல்லாத சோதனை வைத்தால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல யோசனை. ரேவன் வடிவச் சோதனை 1938இல் வந்தது. சின்னப் பிள்ளைகளுக்கான வண்ணத் தாள் 1947இல் வந்தது, 36 கேள்விகள். ஒரு கோலத்தில் ஒரு துண்டு இல்லாமல் இருக்கும், கீழே உள்ளவற்றில் பொருந்துவதைக் காட்ட வேண்டும். குட்இனஃப் 1926இல் கொண்டுவந்த "ஒரு மனிதனை வரை" சோதனையும் இருக்கிறது. இரண்டுக்கும் சொல் தேவையில்லை. நம் பிள்ளைகளுக்கு இவைதான் பாதுகாப்பு என்று நினைக்கிறேன்.

2024 மார்ச் 3

போன குறிப்பைத் திரும்ப வாசித்தேன். "பாதுகாப்பு" என்று எழுதியது பிழை. அழிக்காமல் விடுகிறேன், ஏனென்றால் நானும் நெடுங்காலம் அப்படித்தான் நம்பினேன்.

முதலாவது, தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. முதலாம் வினாத்தாளுக்கென்று பிள்ளைகள் மூன்றாம் வகுப்பிலிருந்தே வடிவக் கோலங்களைப் போட்டுப் போட்டுப் பழகுகிறார்கள். நகரத்தில் இரண்டு ரியூசன் போகும் பிள்ளைக்கு ரேவன் தாள் பழைய சிநேகிதன். வாகரைக்கு உள்ளே இருக்கும் பிள்ளைக்கு அது அன்றைக்குத்தான் முதல் தடவை. இரண்டு பேருக்கும் ஒரே அட்டவணையா?

இரண்டாவது, மனிதனை வரைதல். நான் பக்கத்தில் இருந்து பார்த்த ஒரு படம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பையன் முதலில் வட்டத்தில் தலை போட்டான், மீசை வைத்தான். பிறகு கழுத்துக்குக் கீழே ஒரு பெரிய பெட்டி. பெட்டிக்குள் கட்டம் கட்டமாகக் கோடு போட ஆரம்பித்தான். நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, கோடு கோணாமல், பத்து நிமிடத்துக்கு மேல். பெட்டிக்கு அடியில் இரண்டு சின்னப் பாதம். வாப்பாவின் சாரன். சாரனில் உள்ள கட்டம் எத்தனை என்றுகூட அவனுக்குத் தெரிந்திருக்கும். புள்ளி போட்டவர் கால்களுக்குப் புள்ளி இல்லை என்றார். கால் சாரனுக்குள் இருக்கிறது ஐயா என்று நான் சண்டை பிடித்தேன். புள்ளித் திட்டத்தில் அப்படி ஒரு வழி இல்லை என்றார். எங்கள் கையில் இருந்த திட்டத்தின்படி அவர் சொன்னது உண்மை. திட்டத்தில் இல்லாததால் இல்லை என்றுதான் போட முடியும். அதனால்தான் திட்டத்தையே இங்கே திரும்ப எழுத வேண்டும் என்கிறேன்.

உருவம் வரைய வேண்டாம் என்று சொல்லி வளர்க்கும் வீடுகளும் உண்டு. அந்தப் பிள்ளை தாளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் அது நுண்மதிக்குறைவு இல்லை. வீட்டில் கேட்டுவிட்டுத்தான் அந்தச் சோதனையை எடுக்க வேண்டும்.

மூன்றாவதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு இடத்தில் வண்ணத் தாளைக் கறுப்பு வெள்ளையில் போட்டோ கொப்பி எடுத்து வைத்துக்கொண்டு பிள்ளைகளைச் சோதித்தார்கள். பச்சையும் சிவப்பும் ஒரே சாம்பலாக இருந்தன. நானே அந்தத் தாளைக் கையில் வைத்துப் பார்த்தேன், எனக்கே இரண்டு விடை ஒன்றுபோலத் தெரிந்தது. அந்தப் புள்ளிகள் பிள்ளைகளின் கோப்புகளில் ஏறிவிட்டன. அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

2024 மார்ச் 10

எண்களைக் கேட்டுத் திரும்பச் சொல்லும் பகுதி பற்றி ஒரு டீச்சர் கேட்டிருக்கிறார். எண்ணில் என்ன ஊர் வித்தியாசம் என்று.

ஆங்கிலத்தில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை சொன்னால் மொத்தம் 10 அசை. ஏழுக்கு மட்டும் இரண்டு, மற்றதெல்லாம் ஒவ்வொன்று. தமிழில் விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று... 20 அசை வரும். பேச்சில் ரெண்டு என்றால் 19. சொல்ல எடுக்கும் நேரம் கூடும்போது மனதில் நிற்கும் எண்ணிக்கை குறையும். வேல்ஸ் மொழி பேசும் பிள்ளைகள் ஆங்கில நியமத்தில் குறைவாக எடுத்ததற்கு இதுதான் காரணம் என்று 1980இல் எல்லிஸ், ஹெனலி இருவரும் காட்டினார்கள். வேல்ஸ் எண்களைச் சொல்ல நேரம் கூட எடுக்கும்.

ஆகவே இந்தப் பகுதிக்கு ஆங்கில நாட்டு அட்டவணை ஒருநாளும் ஆகாது. இன்னொரு விசயம்: சோதிப்பவர் எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்ல வேண்டும். ஒருவர் நான்கு என்கிறார், இன்னொருவர் நாலு என்கிறார். பிள்ளை வீட்டில் நாலு என்றுதான் கேட்டிருக்கும். நாங்கள் பேச்சு வடிவத்தை வைத்துக்கொண்டோம்.

2024 மார்ச் 17

நோன்பு தொடங்கிவிட்டது. முஸ்லிம் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை, வேலை நிற்கிறது, எழுத நேரம் இருக்கிறது.

யாரும் பேசாத ஒன்று: கேள்விகளின் வரிசை. இந்தச் சோதனைகளில் இலகுவானது முதலில், கடினமானது பிறகு. இத்தனை கேள்வி தொடர்ந்து பிழைத்தால் நிறுத்திவிட வேண்டும் என்று விதி. மூலநாட்டுப் பிள்ளைக்கு இலகுவானது நம் பிள்ளைக்கு இலகுவாக இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? பனி, நிலக்கீழ் ரயில், குளிர் காய வீட்டுக்கு உள்ளே எரியும் அடுப்பு என்று மூன்று நான்கு அடுத்தடுத்து வந்தால் பிள்ளை விழும், சோதனை நிற்கும். அதற்குப் பிறகு இருந்த, அவனுக்குத் தெரிந்த கேள்விகளை அவன் பார்க்கவே இல்லை. ஆகவே முன்னோட்டத்தில் எல்லாக் கேள்விகளையும், நிறுத்தாமல், எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்க வேண்டும். எத்தனை பேர் சரியாகச் சொன்னார்கள் என்று எண்ணி, அந்த ஒழுங்கில் திரும்ப அடுக்க வேண்டும். அலுப்பான வேலை. வேறு வழி கிடையாது.

விடைக்குப் புள்ளி போடுவதும் அப்படித்தான். உண்மையான கேள்விகளை இங்கே எழுத மாட்டேன், யாரும் எழுதவும் வேண்டாம். வெளியே போன கேள்வி செத்த கேள்வி. நாங்களே பழகுவதற்காக ஆக்கிய ஒன்றைச் சொல்கிறேன். வலையும் தூண்டிலும் எந்த வகையில் ஒன்றுபோல? மீன்பிடிக்கும் சாமான் என்றால் 2 புள்ளி. இரண்டிலும் மீன் படும் என்றால் 1. வாழைச்சேனைப் பக்கத்துப் பையன் ஒருவன் சொன்னான்: "வலை வாப்பாட, தூண்டில் என்ட." பூச்சியம்தான். ஆனால் நான் இன்னொரு தடவை, "சரி, ரெண்டும் ஒண்டுபோல எப்படி?" என்று கேட்டேன். "ரெண்டையும் உப்புத்தண்ணி போகக் கழுவித்தான் வைக்கணும்" என்றான். அவன் இரண்டையும் கையாண்டவன். பெயர் சொல்லி வகைப்படுத்துவது பள்ளிக்கூடம் தரும் பழக்கம், அது அவனுக்கு இன்னும் வரவில்லை. புள்ளித் திட்டத்தில் இப்படியான விடைகளை என்ன செய்வது என்று எங்களுக்குள் மூன்று கூட்டம் நடந்தது. கடைசியில் 1 கொடுப்பது, விடையை அப்படியே எழுதியும் வைப்பது என்று முடிவு.

2024 மார்ச் 18

"பழைய அட்டவணை என்றால் பிள்ளைக்கு நல்லதுதானே, புள்ளி கூட வருமே" என்று ஒருவர். அதிலும் உண்மை இருக்கிறது. பத்து வருடத்துக்கு ஏறக்குறைய 3 புள்ளி வீதம் சராசரி ஏறிக்கொண்டு வந்ததாக அமெரிக்கத் தரவுகளை வைத்து ஃப்ளின் 1984இல் எழுதினார். இந்தியாவில் மலின் 1969இல் தந்த அளவுகோல், அமெரிக்காவில் வெக்ஸ்லர் 1949இல் தந்த பிள்ளைகளுக்கான நுண்மதிச் சோதனையின் தழுவல். அந்தக் காலத்து அட்டவணை இன்றைய பிள்ளையைக் கூட்டிக் காட்டலாம். வேற்றூர்க் கேள்வி குறைத்துக் காட்டலாம். ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடும் என்று நம்பி ஒரு பிள்ளையின் படிப்பைத் தீர்மானிக்க முடியாது.

2024 ஏப்ரல் 7

நடத்தை, மனநிலை பற்றிய வினாக்கொத்துக்கு வருகிறேன். கூட்மன் 1997இல் வெளியிட்ட பலமும் சிரமமும் வினாக்கொத்து பலருக்குத் தெரியும். 25 கூற்று, தமிழிலும் இருக்கிறது. இருபத்தைந்தையும் கூட்டி மொத்தம் பார்ப்பார்கள்.

ஒரு தாய்க்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளைக்குக் கவலை அதிகமா என்ற மாதிரி ஒரு இடம். "கவலை ஒண்டும் இல்ல சேர்" என்றார். அடுத்த கூற்றுக்குப் போய்விட்டேன். முடிந்து எழும்பும்போது வாசற்படியில் நின்று, "யோசனைதான் கூட. ராவில படுத்துட்டு முகட்டப் பாத்துட்டுக் கிடப்பான்" என்றார். நம் பக்கம் கவலை என்றால் செத்த வீடு, பெரிய இழப்பு. மனதில் அரிப்பது யோசனை. தமிழ்நாட்டில் யோசனை என்றால் ஐடியா. அந்தத் தாய் வாசலில் நின்றிராவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அந்த வரியில் பூச்சியம்.

அச்சிட்ட கூற்றை நாமாக மாற்றவும் கூடாது, அது வினாக்கொத்தை வெளியிட்டவர்களின் நிபந்தனை. ஆகவே கூற்றை அப்படியே வாசித்துவிட்டு, நம் சொல்லில் விளக்கும் ஒரு வரியை எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்வது என்று வைத்துக்கொண்டோம்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வந்த வினாக்கொத்துகள் வேறு கதை. நாவலடி, கல்லடிப் பிள்ளைகளிடம் கிழமைக்கு ஒரு ஆள் தாளோடு வந்தார். அலை வந்ததைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஒரு பெண்பிள்ளை நான் வாயைத் திறக்க முதலே விடைகளை வரிசையாகச் சொன்னாள், தாளைப் பார்க்காமலே. அன்றைக்குத் தாளை மடித்துவிட்டு அவளோடு கல்லுச் சுண்டினேன்.

2024 ஏப்ரல் 8

திருத்தம். நேற்று இருபத்தைந்தையும் கூட்டுவார்கள் என்று எழுதினேன். பிழை. மற்றவர்க்கு உதவும் குணம் பற்றிய 5 கூற்றும் சேராது. 20 கூற்றுத்தான், ஆகவே மொத்தம் 0 முதல் 40 வரை. பெற்றோர் நிரப்பினால் 17உம் அதற்கு மேலும், ஆசிரியர் நிரப்பினால் 16உம் அதற்கு மேலும் என்பது பிரித்தானியாவில் போட்ட கோடு. அங்கே பத்தில் ஒரு பிள்ளை அளவில் மேல் வகைக்குள் வருமாறு போட்டது. இங்கே அதே கோட்டில் எத்தனை பேர் வருவார்கள் என்பதை இங்கே எண்ணிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சுட்டிக்காட்டிய டீச்சருக்கு நன்றி.

2024 ஏப்ரல் 21

இந்தக் கதையைச் சொல்லாமல் முடிக்க மாட்டேன்.

2018 மார்ச். நாலாம் வகுப்புப் பையன். மந்தம், விசேட அலகுக்கு எடுங்கள் என்று வகுப்பாசிரியர் அனுப்பினார். பிறப்புச் சான்றிதழில் 2010 ஜனவரி. சோதனை அன்று வயது 8 வருடம் 2 மாதம். அட்டவணையில் பார்த்தால் கீழ்க்கோட்டுக்குக் கீழே. அறிக்கையை எழுதி முடித்து, கையெழுத்துப் போடும் முன் தாயைக் கூப்பிட்டேன். பிறந்தது எப்படி, நடந்தது எப்போது என்று வழமையான கேள்விகள். தாய் சொன்னார்: "இவன் பெரிய வெள்ளத்துக்குள்ள பிறந்தவன் சேர். ஆசுபத்திரிக்கு என்ன உழவு மெசின் பெட்டியிலதான் ஏத்திப் போனாங்க."

பெரிய வெள்ளம் 2011 ஜனவரி. மட்டக்களப்பும் அம்பாறையும் தண்ணீருக்குள் கிடந்த மாதம். அதை இங்கே யாரும் மறக்க மாட்டார்கள். தை மாதத்தில் கை பழக்கத்தில் போன வருடத்தை எழுதிவிடுவது எல்லாருக்கும் நடப்பது. யாரோ அன்றைக்கு 2010 என்று எழுதிவிட்டார்கள். கிளினிக் அட்டையைத் தேடி எடுத்தோம். 2011தான்.

அவனுக்கு வயது 7 வருடம் 2 மாதம். அதே புள்ளிகளை அந்த வயது அட்டவணையில் வைத்தேன். சராசரிக்குக் கொஞ்சம் கீழே, அவ்வளவுதான். நாலு வயதில் முதலாம் வகுப்பில் ஏற்றப்பட்டு, தன்னைவிட ஒரு வயது கூடிய பிள்ளைகளோடு மூன்று வருடத்துக்கு மேல் ஓடியிருக்கிறான் அந்தப் பையன். மந்தம் என்ற பெயரோடு.

அன்றைய அறிக்கையைக் கிழித்தேன். அதற்குப் பிறகு நான் பிறந்த திகதியைச் சான்றிதழில் மட்டும் பார்ப்பதில்லை. தாயிடம் கேட்பேன், கிளினிக் அட்டை கேட்பேன். எழுதும் எண்ணையும் ஒற்றை எண்ணாக எழுதுவதில்லை. நம்பகம் (திரும்ப எடுத்தாலும் ஏறக்குறைய அதே புள்ளி வரும் தன்மை; முழுமை என்றால் 1) 0.90 உள்ள நல்ல சோதனையிலேயே அளவீட்டு வழு ஏறக்குறைய 4.7 புள்ளி, 95 வீத உறுதி வேண்டும் என்றால் இந்தப் பக்கம் 9, அந்தப் பக்கம் 9. 72 என்று ஒரு பிள்ளைக்கு வந்தால், 63க்கும் 81க்கும் இடையில் எங்கேயோ என்று அர்த்தம். அப்படித்தான் எழுத வேண்டும், அப்படித்தான் பெற்றோருக்கும் சொல்ல வேண்டும்.

2024 மே 26

போன கிழமை நம் பக்கத்து நியமத்துக்காக ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சோதிக்கப் போய்த் திரும்பி வந்துவிட்டேன். கண்ணகி அம்மன் சடங்கு. பிள்ளைகள் இரவெல்லாம் கோயிலில். காலையில் மேசையில் தலை வைத்துத் தூங்குகிறார்கள். அந்த நாளில் எடுத்த புள்ளி நியமத்துக்குள் போனால் அடுத்து வரும் எல்லாப் பிள்ளைக்கும் அளவு கெட்டுவிடும்.

நியமம் ஆக்க எத்தனை பிள்ளைகள் வேண்டும் என்ற கேள்விக்கு: வெக்ஸ்லர் சோதனையின் ஐந்தாம் பதிப்புக்கு அமெரிக்காவில் 2200 பிள்ளைகள் எடுத்தார்கள், 11 வயதுக் குழுக்கள், குழுவுக்கு 200. நம்மால் அது முடியாது. 6 முதல் 9 வயது வரை நாலு குழு, குழுவுக்கு 100 என்றால் 400. செய்யலாம். ஆனால் நானூறு பேரையும் நகரத்தின் நாலு பெரிய பள்ளிக்கூடத்தில் எடுத்தால் அது பாதிப் பொய். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையும் மேற்கே படுவான்கரையும் வேண்டும், தமிழ்ப் பள்ளிக்கூடமும் முஸ்லிம் பள்ளிக்கூடமும் வேண்டும், வாகரை வேண்டும், தெற்கே திருக்கோவில், பொத்துவில் வரை வேண்டும், பள்ளிக்கு ஒழுங்காக வராத பிள்ளையும் வேண்டும். இடாப்பில் பெயர் இருந்து, மூன்று தடவை போயும் வராத பிள்ளைகளின் வீட்டுக்குப் போகிறோம். அவர்களை விட்டுவிட்டால் சராசரி உயரும், பிறகு அவர்களைப் போன்ற பிள்ளையே கீழே விழும்.

2024 யூன் 9

சேர், உங்கள் பதிலை வாசித்தேன். முதலில் பிள்ளைகளின் காதும் கண்ணும் பார்த்தது பெரிய காரியம். ஒரு பிள்ளைக்கு இடது காது கேட்பது குறைவு என்று வந்திருக்கிறது. முன் வரிசையில், வலது காது உங்கள் பக்கம் இருக்குமாறு இருத்துங்கள், கிளினிக்குக்குத் தவறாமல் போக வையுங்கள். அந்தப் பிள்ளைக்கு இப்போது சோதனை வேண்டாம்.

மற்றப் பிள்ளைக்கு இந்திய எண் எதையும் போடாமல், வாசிப்பில் எந்த எழுத்தில் தடுக்கிறது, எதைத் தனியாகச் செய்கிறது, எதற்குக் கை கொடுக்க வேண்டி இருக்கிறது என்று மூன்று மாதம் எழுதி வையுங்கள். 1905இல் பினே பாரிசில் இந்த வகைச் சோதனையை முதலில் ஆக்கியதும், யாருக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று பார்ப்பதற்குத்தான்.

எங்களுக்கு ஒரு உதவி. அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனைப் பக்கத்துப் பிள்ளைகள் இவற்றுக்கு என்ன சொல் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள்: பக்கத்தைத் திருப்பு, கோடு கீறு, பொறு, பிறகு, கொஞ்சம், ஒன்றுபோல, வேறுவேறு. நம் பக்கம் பிறகு என்பதற்கு மறுகா, கொஞ்சம் என்பதற்கு ஒள்ளுப்பம் என்கிறார்கள். பெரியவர்களிடம் கேட்காதீர்கள், திருத்திச் சொல்லிவிடுவார்கள். இடைவேளையில் பிள்ளைகள் விளையாடும்போது பக்கத்தில் நின்று கேட்டால் போதும்.